மஞ்சிட்டி எங்கே?

ஆஷ்கோட் மாளிகை,
1645 ஏப்ரல் 12

அன்புத் தங்கை சிபிலுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். இடது முழங்கால் மட்டும் ராஜாவின் படையிலிருந்து விலகிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. உன் சுகத்தையும் கோழிகளின் சுகத்தையும் எழுது. என் பள்ளிக்கூடத்தில் இப்போது வாத்தியாராக இருக்கும் அந்தப் பிராணியின் சுகத்தை எழுத வேண்டாம்.

நான் ராஜாவுக்காகப் படையில் சேர்ந்தேன் என்று நம் ஊர் வுல்பரியில் பேசிக்கொள்கிறார்களாம். ராஜாவை நான் பார்த்ததுகூட இல்லை. பதினெட்டு வருடம் அந்தப் பள்ளியில் இலத்தீன் சொல்லிக்கொடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று பள்ளிக்கு விடுமுறை விட்டது குற்றம் என்று பார்லிமென்ட் கட்சிக்காரர்கள் என்னை வெளியே தள்ளி, நெகேமியா மூரை உள்ளே வைத்தார்கள். அவன் பார்லிமென்ட் கட்சி. ஆகவே நான் ராஜா கட்சி. இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை.

இங்கே என் கேப்டன் யார் தெரியுமா? பெரிக்ரின். என்னிடம் ஆறு வருடம் படித்து ஒன்றும் கற்காமல் போன அதே பெரிக்ரின். வயது இருபத்திரண்டு. நேற்று அணிவகுப்பில் என் முன்னால் வந்து நின்றான்.

“வாத்தியாரே, நேரா நில்லுங்க.”

“நேராத்தான் நிக்கிறேன். முட்டிதான் கோணல்.”

“இலத்தீன்ல ‘கும்’ வந்தா அடுத்து எந்த வேற்றுமை வரும்னு கேட்டு என்னை எத்தனை நாள் முட்டி போட வெச்சீங்க? இப்ப தெரியுதா முட்டி வலி?”

“அது இருக்கட்டும் கேப்டன். எந்த வேற்றுமை வரும்?”

பதிலுக்கு எனக்கு இரண்டு நாள் லாயம் கழுவும் வேலை கிடைத்தது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். என் சிவப்புத் துண்டில் சமையற்காரன் முயல் சூப்பு வடிகட்டிவிட்டான். தோளில் குறுக்காகத் துண்டு கட்டாமல் இந்த யுத்தத்தில் நடமாட முடியாது. இரண்டு கட்சிக்கும் ஒரே தொப்பி, ஒரே அழுக்குக் கோட்டு. சிவப்புத் துண்டு ராஜா ஆள், ஆரஞ்சுத் துண்டு பார்லிமென்ட் ஆள். வேறு அடையாளம் கிடையாது. போன வாரம் துண்டு கட்ட மறந்த நம் ஆள் ஒருவனை நம் ஆட்களே துரத்தி ஆற்றில் தள்ளினார்கள். அவன் கரையேறியது எதிர்க்கட்சிப் பக்கம். அங்கே சூடாகக் கஞ்சி கொடுத்தார்களாம். இன்னும் திரும்பி வரவில்லை.

அம்மாவின் வெள்ளைப் பட்டில் மூன்று முழம் கிழித்துச் சாயம் போட்டு அனுப்பு. சாயக்காரர் மகனுக்கு இலத்தீன் ஏற்றியதற்காக அவர் எனக்குத் தந்த டச்சு மஞ்சிட்டி வேர் பரணில் இருக்கிறது. முழுவதையும் போடு. மஞ்சிட்டிச் சிவப்பு ஆள் செத்தாலும் போகாது. ராஜா ஜெயித்ததும் அந்தத் துண்டோடு பள்ளிக்குள் நுழைந்து, என் உடம்புக்கென்றே தேய்ந்த என் ஓக் நாற்காலியிலிருந்து அந்த மனிதனைக் காதைப் பிடித்து எழுப்புவேன். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இங்கே லாயம் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சீஸ் விற்கும் டாம்சின் அம்மாள் கொண்டுவருவாள். இரண்டு கட்சிக் காவலும் அவளைத் தடுப்பதில்லை. இரண்டு கட்சிக்கும் சீஸ் வேண்டும்.

உன் அண்ணன்,
ஜெர்வாஸ் பார்டோ


வுல்பரி,
மே 3

மரியாதைக்குரிய அண்ணனுக்குச் சிபில் வணக்கமாய் எழுதுவது.

நான் சுகம். கோழிகள் பதினொன்றும் சுகம். முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவுங்கள், பிறகு சாப்பிட்டுவிடாதீர்கள்.

துண்டு இத்துடன் வருகிறது. சிவப்பு நன்றாக வந்திருக்கிறது. நிழலில் காய வையுங்கள். மழையில் அதிகம் நனைய விடாதீர்கள். புளிப்பான எதுவும் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி கவலை வேண்டாம்.

மூர் அவர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். ஆகையால், அவர் காலை முதல் மாலைவரை நின்றுகொண்டேதான் பாடம் நடத்துகிறார் என்பதை நான் எழுதவில்லை. உங்கள் நாற்காலி நீங்கள் விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கிறது.

பள்ளிக்கூடத்து வீட்டின் பின்கட்டில் என்னை இருக்க விட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சமையலறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது ஒழுகவில்லை.

உங்கள் பாசமுள்ள தங்கை,
சிபில்


ஆஷ்கோட்,
மே 28

அன்புத் தங்கைக்கு,

சுகம். கொழுப்பைத் தடவினேன்; இரவெல்லாம் கேப்டனின் நாய் என் காலை நக்கியது. வலி குறைந்தது கொழுப்பாலா நாயாலா என்று தெரியவில்லை.

துண்டு பிரமாதம். பெரிக்ரின் இரண்டு முறை தொட்டுப் பார்த்தான். “எனக்கும் ஒண்ணு கெடைக்குமா வாத்தியாரே?” என்றான். “வேற்றுமை என்னன்னு சொல்லு, தரேன்” என்றேன். போய்விட்டான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. புளிப்பு படக்கூடாது என்றால் ஆப்பிள் கள் தவிர வேறு எதுவும் கிடைக்காத இந்த மாளிகையில் நான் எதைக் குடிப்பது? மஞ்சிட்டிச் சிவப்புக்குப் புளிப்பு என்ன செய்யும்? நான் சொன்னபடி முழுவதையும் போட்டாய் அல்லவா?

நின்றுகொண்டே பாடம் நடத்துகிறானாம்! அதுதான் அந்தக் கட்சிக்காரர்களின் திமிர். உட்கார்ந்தால் வாத்தியார், நின்றால் தீர்க்கதரிசி என்று நினைப்பு. நாற்காலி விட்டபடியே இருக்கிறது என்கிறாய். உனக்குப் பொய் சொல்ல வராது சிபில், முயற்சி செய்யாதே. நீ சமையலறையில் இருக்கும்போது அவன் அதில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, என் கைப்பிடிகளைத் தடவிக்கொண்டிருப்பான். எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

கூரையை யார் சரிசெய்தது?

ஜெர்வாஸ்


பார்லிமென்ட் படை முகாம் (என் விருப்பம் அல்ல),
ஜூலை 6

அன்புத் தங்கைக்கு,

உடம்பு சுகம், சொல்லப்போனால் வெட்கப்படும் அளவுக்குச் சுகம். ஜூனில் எனக்கு இரண்டு துக்கம். நேஸ்பியில் ராஜா தோற்றார். உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

தலைப்பைப் பார்த்துப் பதறாதே. நடந்தது இது. பதினைந்து நாள் முன்பு எங்களில் ஆறு பேரை ஒரு பண்ணைக்குத் தீவனம் தேட அனுப்பினார்கள். திடீரென்று எதிரிக் குதிரைகளின் சத்தம். ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். ஓடுவதைப் பற்றி என் முழங்காலுக்கு வேறு அபிப்பிராயம். அருகில் ஒரு பெரிய பீப்பாய் இருந்தது, உள்ளே இறங்கி மூடியை இழுத்துக்கொண்டேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இடுப்புவரை போன வருடத்து ஆப்பிள் கள். கள் என்று சொல்வது மரியாதைக்கு. பல் கூசும் காடி அது.

ஒரு மணிநேரம் கழித்து மூடி திறந்தது. மேலே மூன்று தலைகள்.

“எவன்டா அது?”

“சுடாதடா! துண்டப் பாரு. நம்ம ஆளு!”

குனிந்து பார்த்தேன். சிபில், உன் சிவப்புத் துண்டு பழுத்த ஆரஞ்சாக இருந்தது.

“அடப் பாவிங்களா, ராஜா பசங்க இந்தப் பெரியவரப் பீப்பாய்க்குள்ள அடைச்சு ஊறப் போட்டிருக்காங்க!”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவன் சூடான ஆட்டுக்கறி அடையைத் திணித்துவிட்டான். வாயில் இறைச்சியோடு பேசக்கூடாது என்று பதினெட்டு வருடம் பையன்களுக்குச் சொன்னவன் நான். விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். விழுங்கியதும் இன்னொன்று தந்தார்கள். இப்படியே பதினைந்து நாள் ஆகிவிட்டது.

இவர்கள் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும் நேரத்தில் சாப்பாடு ஆறிவிடுகிறது. அதைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது எனக்குப் பெரிய குறைதான். குறையே இல்லாத இடத்தில் நான் இருந்து பழக்கமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சாயப்பட்டறையில் இருபது வருடம் கை நனைத்த ஆம்ப்ரோஸ் என்ற ஒருவன் இங்கே இருக்கிறான். அவனுக்குத் தன் பெயரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று என் துண்டின் நுனியை வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தான்.

“அண்ணே, இது மொதல்ல செவப்புதானே?”

நான் துண்டின் மறுநுனியைக் கோட்டுக்குள் செருகினேன்.

“பயப்படாதீங்க. என் பேருல இன்னும் நாலு எழுத்து பாக்கி இருக்கு, உங்களக் காட்டிக்குடுப்பேனா? இது கப்பல்ல வர்ற சாயக்கட்டை. புளிப்பு பட்டா இப்படி ஆயிடும், சாம்பல் தண்ணி மாதிரி காரம் பட்டாத் திரும்பச் செவக்கும். தண்ணிலயே வெச்சா ரெண்டும் போயிடும்.”

“சாயக்கட்டையா? ஒரு பை மஞ்சிட்டி குடுத்தேனே!”

“மஞ்சிட்டின்னா பிசாசே வந்து காடில முக்கினாலும் அசையாது. உங்க மஞ்சிட்டி வேற எதையோ செவக்க வெச்சிருக்கு. உங்க வீட்டுல யாருக்காச்சும் கல்யாணமா?”

கல்யாணமாம்! எங்கள் வீட்டில் இருப்பது முப்பத்தெட்டு வயதுத் தங்கையும் பதினொரு கோழிகளும் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சிபில், என் மஞ்சிட்டி எங்கே?

ஜெர்வாஸ்


வுல்பரி,
ஜூலை 25

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன், எந்தக் கட்சிச் சாப்பாடாக இருந்தாலும். ஜூனில் எழுதாததற்கு மன்னியுங்கள். ஜூனில் எனக்குக் கொஞ்சம் வேலை இருந்தது.

துண்டைத் திரும்பச் சிவப்பாக்கக் காரம் வேண்டும். இரண்டு வாரம் பழசான மூத்திரம் நல்லது. இதை ஒரு பெண் அண்ணனுக்கு எழுதுவது அழகல்ல. ஆனால் நீங்கள் தப்பான நிறத்தில் மாட்டிக்கொண்டு சாவதும் அழகல்ல.

மஞ்சிட்டியை எலி தின்றுவிட்டது.

ஓடுகள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. புகைபோக்கியும் அடைத்துக்கொள்வதில்லை. பின்கட்டில் இரவில் யாராவது இருமினால் கேட்கிறது, அவ்வளவுதான். அதாவது, நான் இருமினால்.

கும் சலூட்டெம்,
சிபில்


ஆஷ்கோட்,
ஆகஸ்ட் 24

அன்புத் தங்கைக்கு,

சுகம், ஆனால் ஒருவரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

முகாமின் பின்புறம் பொதுத்தொட்டி ஒன்று இருந்தது. விவரிக்க விரும்பவில்லை. எண்ணூறு பார்லிமென்ட்காரர்கள் தங்களை அறியாமல் ராஜாவுக்குச் செய்த ஒரே தொண்டு அதுதான். துண்டை ஊறவைத்தேன், சிவந்தது. ஆம்ப்ரோஸ் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதி முடித்த அன்று காவலில் அவன்தான் நின்றான். “நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணே” என்றான். நடந்தே ஆஷ்கோட்டுக்கு வந்துவிட்டேன்.

பெரிக்ரின் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“வாத்தியாரே! செத்துட்டீங்கன்னு பேரையே அடிச்சாச்சு. என்ன இது நாத்தம்?”

“ராஜ விசுவாசம்.”

“கொஞ்சம் தள்ளி நின்னு விசுவாசமா இருங்க.”

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். முதலாவது, எலி மஞ்சிட்டி வேரைத் தின்னாது. இரண்டாவது, இன்னும் பெரிய விஷயம். உனக்கு இலத்தீன் தெரியாது. ‘நலமுடன்’ என்று இலத்தீனில் எழுத யாரோ உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கற்றுக்கொடுத்தவன் கழுதை. ‘கும்’ என்ற சொல்லுக்குப் பின் ‘சலூட்டே’ வர வேண்டும். ‘சலூட்டெம்’ என்பது வேற்றுமைப் பிழை. இங்கிலாந்து முழுவதும் இந்தப் பிழையைச் செய்யும் ஆட்கள் இருவரைத்தான் எனக்குத் தெரியும். ஒருவன் என் கேப்டன். மற்றவன் என் நாற்காலியில் இருக்கிறான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெகேமியா மூர் உன் கடிதங்களைப் பிரித்துப் படித்து, என்னைச் சீண்டுவதற்காக அடியில் தன் இலத்தீனைச் செருகுகிறான்! ஆகவே அடுத்த பத்தி அவனுக்கு.

மூர், நீ ஒரு கழுதை. கழுதைகூட ‘கும்’ என்று கத்தினால் அதோடு நிறுத்திக்கொள்ளும், தப்பான உருபைச் சேர்க்காது. அடுத்தவன் கடிதத்தைப் படிக்கிறாய், அடுத்தவன் நாற்காலியில் உட்காருகிறாய். ஒரு கழுதை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் அது வாத்தியார் ஆகாது.

சிபில், நீ கவலைப்படாதே. மஞ்சிட்டி எங்கே?

ஜெர்வாஸ்


வுல்பரி,
செப்டம்பர் 14

கர்த்தருக்குள் அன்பான சகோதரர் ஜெர்வாஸ் பார்டோ அவர்களுக்கு,

தங்கள் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

தங்கள் கடிதத்தில் ஒரு பத்தி எனக்கென்று இருந்தபடியால் அது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இரண்டு கழுதைகள் என் காதில் விழுந்தன. வாசித்தவர் ஓரிடத்தில் சற்றுத் தயங்கியதால் மூன்றாவது ஒன்றும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதையும் பெற்றுக்கொண்டேன்.

நான் ஒருவர் கடிதத்தையும் பிரித்ததில்லை. இலத்தீன் விஷயத்தில் தாங்கள் சொல்வது சரி. நான் வேதபாடமும் வாசிப்பும் கணிதமும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன், இலத்தீனில் பலவீனன். மேல் வகுப்பு மாணவர்கள் தங்கள் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். தங்கள் பிரம்பை நினைத்தும் பெருமூச்சு விடுகிறார்கள், அது வேறுவகை.

அந்த நாற்காலியைப் பொறுத்தவரை, அதனால் நான் ஒரு நாளும் ஒரு சுகமும் கண்டதில்லை என்பதற்குத் தேவன் சாட்சி. இதற்குமேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மழைக்காலம் வருகிறது. மார்பை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கள் சகோதரன்,
நெகேமியா மூர்


ஹியர்ஃபோர்ட் சாலை, ஒரு வைக்கோல் கொட்டகை,
நவம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். உடம்பில் ஒரு துப்பாக்கிக் குண்டு இருக்கிறது. பயப்படாதே, படி.

முதலில் அவன் கடிதம். சகோதரனாம்! அந்தக் கட்சியில் கறிக்கடைக்காரனும் கன்றுக்குட்டியும்கூடச் சகோதரர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் போட அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? ‘தினமும் ஜெபிக்கிறோம்’ என்கிறான். ‘ஜெபிக்கிறோம்’ என்றால் அவனும் யாரும்? கழுதை என்று திட்டியவனுக்கு மார்பை மூடிக்கொள் என்று எழுதுகிற மனிதனை எப்படித்தான் வெறுப்பது? ஒழுங்காக வெறுக்கவும் விட மாட்டேன் என்கிறான்.

ஆஷ்கோட் விழுந்துவிட்டது. அப்படி ஒன்றும் பெரிய சண்டை இல்லை. சுற்றி வளைத்தார்கள், ஐந்து வாரத்தில் நாயைத் தவிர எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டோம். பெரிக்ரின் நாயைப் பார்த்தான், நாய் பெரிக்ரினைப் பார்த்தது, மறுநாள் காலை சரணடைந்தோம்.

மானத்தோடு சரணடைகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கொடி பறக்க, முரசு ஒலிக்க, துப்பாக்கித் திரி இரு முனையும் எரிய, வாயில் ஒரு குண்டோடு நடந்து வெளியே வரலாம். ‘இன்னும் ஒருமுறை சுட எங்களால் முடியும்’ என்று அர்த்தம். எங்களிடம் வெடிமருந்து கிடையாது. குண்டு மட்டும் இருந்தது. நான் துண்டை நேராகக் கட்டி, ஈயக் குண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு நடந்தேன். வெளியே வரிசையாக எதிரிகள். அதில் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

“அண்ணே! நான்தான், ஆம்ப்ரோஸ்! ஊருக்கு என் கையாலயே கடுதாசி எழுதிட்டேன் அண்ணே!”

“சபாஷ்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். குண்டு உள்ளே போய்விட்டது.

பெரிக்ரின் பின்னாலிருந்து, “வாத்தியாரே, குண்டு எங்கே?” என்றான். “ராஜாவுக்காக முழுங்கிட்டேன்” என்றேன். இரண்டு படையும் சிரித்தது. இந்த யுத்தத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

விடைபெறும்போது பெரிக்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டான். “வாத்தியாரே, அந்த வேற்றுமை என்னன்னு இப்பவாச்சும் சொல்லிடுங்க, எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது” என்றான். சொன்னேன். “இவ்வளவுதானா?” என்றான்.

இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ராஜா ஜெயிக்கப்போவதில்லை, சிபில். எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. ஆனாலும் வருகிறேன். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மிச்ச நாளுக்கு வேண்டிய கோபம் கிடைத்துவிடும். அதை வைத்துப் பிழைத்துக்கொள்வேன்.

உண்மையை எழுது. வழியில் லெட்பரியில் பத்து நாள் தங்குவேன், டாம்சினுக்கு இடம் தெரியும். மஞ்சிட்டி எங்கே?

ஜெர்வாஸ்

பி.கு: குண்டு வெளியே வந்துவிட்டது.


வுல்பரி,
நவம்பர் 10

என் அண்ணனுக்கு,

நான் சுகம். இந்தக் கடிதத்தை ஜூனிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்; இன்றுதான் முடிக்கிறேன்.

மஞ்சிட்டி என் கம்பளிப் பாவாடையில் இருக்கிறது. நீங்கள் கேட்டு எழுதுவதற்கு முந்தின வாரமே அதை எடுத்துச் சாயம் போட்டுவிட்டேன். அதனால்தான் உங்கள் துண்டுக்குச் சாயக்கட்டை. எனக்கு வாழ்நாளில் ஒரு சிவப்புப் பாவாடை இருந்ததில்லை, அண்ணா. ஜூன் 9ஆம் தேதி அதை உடுத்திக்கொண்டு நெகேமியா மூரை மணந்தேன். அவர்கள் கட்சியில் மேலே சாம்பல் நிறம்தான் உடுத்த வேண்டும். சாம்பல் அங்கிக்குக் கீழே சிவப்பு ஓரம் எட்டிப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, “மேல பார்லிமென்ட், உள்ள ராஜாவா? நல்லது, சண்டை இல்லாம இருந்தா சரி” என்றார். அவர் சிரிப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அதற்கு முன்னால் தெரியாது.

கூரை மாற்றியது அவர்தான். இருமியதும் அவர்தான். ‘கும் சலூட்டெம்’ அவர் சொல்லிக்கொடுத்தது; சமையலறையில் உருளைக்கட்டையோடு நான் படித்த ஒரே இலத்தீன்.

இனி நாற்காலி. நீங்கள் ஒன்றரை வருடம் கோபப்பட்ட நாற்காலி. அண்ணா, அவர் அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவரால் உட்கார முடியாது. ஒன்பது வருடமாக அவருக்கு மூலம். பள்ளியில் நிற்கிறார், சர்ச்சில் நிற்கிறார், சாப்பிடும்போது ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஊரார் பக்தி என்று நினைக்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே இதை எழுதினால் மற்றதையும் எழுத வேண்டும். அதனால்தான் ‘விட்டபடியே இருக்கிறது’ என்று மட்டும் எழுதினேன். நான் பொய் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை தேன்மெழுகு போட்டுத் துடைக்கிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் போய் உங்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, “உங்க அண்ணன் வரட்டும் சிபில். பசங்களுக்கு இலத்தீன் வேணும். எனக்கு வராது. பேரு எனக்கு, இலத்தீன் அவருக்குன்னு வெச்சுக்கலாம். ஒத்துக்குவாரா?” என்றார். “பேர் உங்களுக்குன்னா ஒத்துக்க மாட்டார்” என்றேன். “நாற்காலி அவருக்குன்னு சொல்லிப் பாரு” என்றார்.

சொல்லிவிட்டேன். கூப்பிடுகிறவரைச் சகோதரன் என்று ஏற்பதும் ஏற்காததும் உங்கள் இஷ்டம். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

சிபில்


குன்றின் கீழ்ச் சத்திரம், வுல்பரிக்கு அரை மைல்,
நவம்பர் 27

சிபிலுக்கு,

சுகமா என்று நீ கேட்காதே. மூன்று நாள் மழையில் நனைந்து வந்திருக்கிறேன். கண்ணில் நீர் வருவது சளியால்.

உன் கடிதத்தை லெட்பரியில் படித்தேன். ஒரு நாள் முழுவதும் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு சத்திரக்காரி பயந்து ஓடும் அளவுக்குச் சிரித்தேன். மூல நூல் ஒன்றையும் படிக்காதவனுக்கு மூலம் மட்டும் இருக்கிறது! நான் முயல் சூப்புக்கும் லாயத்துக்கும் பீப்பாய்க்கும் நடுவில் ஒவ்வொரு நாளும் அவனை அந்த நாற்காலியிலிருந்து காதைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னலோரம் நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். காலியான நாற்காலியோடு ஒன்றரை வருடம் யுத்தம் செய்த ஒரே போர்வீரன் நான்தான்.

நீ எனக்குச் சொல்லாமல் செய்ததை நான் மறக்கமாட்டேன். என் நினைவாற்றல் உனக்குத் தெரியும். ஆனால் பாவாடை விஷயத்தில் சாயக்காரர் தந்த சரக்கு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. பட்டுத்துண்டைவிடக் கம்பளியில் மஞ்சிட்டி நன்றாகப் பிடிக்கும்.

நேற்று ஊர் வாசல்வரை வந்தேன். காவல்காரன் ஈட்டியை நீட்டினான்.

“நில்லு. எந்தக் கட்சி நீ?”

துண்டைத் தொட்டுக் காட்டினேன். அவன் உற்றுப் பார்த்தான்.

“என்னய்யா இது, வெள்ளையா இருக்கு? சரணடைய வந்திருக்கியா?”

அப்போதுதான் பார்த்தேன். மூன்று நாள் மழையில் சிவப்பும் போய், ஆரஞ்சும் போய், அம்மாவின் பட்டு பழையபடி ஆகிவிட்டது. துண்டைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தேன்.

“ஆமாம்” என்றேன்.

“யார்கிட்ட?”

“என் தங்கச்சிகிட்ட.”

“அதெல்லாம் இங்க கணக்குல இல்ல. ராஜா படையில இருந்து வர்றவன்னா உள்ளூர் வீட்டுக்காரர் ஒருத்தர் வந்து, ‘இவருக்கு நான் பொறுப்பு’ன்னு கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகணும். உனக்கு ஊருக்குள்ள வீட்டுக்காரர் யாராச்சும் இருக்காங்களா?”

பதினெட்டு வருடம் இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவன் நான். யார் பெயரையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சத்திரத்துக்குத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே மானத்தோடு சரணடைய நான் கேட்பவை இவை. வகுப்பில் இலத்தீன் என்னுடையது. அதில் அவன் மூக்கை நுழைக்கக்கூடாது. கிறிஸ்துமஸ் அன்று எனக்கு மட்டும் விடுமுறை. பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் அவன் பெயர் இருக்கட்டும்; நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துகொள்வேன். சகோதரன் என்று கூப்பிடலாம், நாளைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். எங்கள் இருவருக்கும் இடையில் இனி இருக்கும் வேற்றுமை, ‘கும்’முக்குப் பின்னால் வருகிற வேற்றுமை ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளைக் காலை வாசலில் நிற்பேன். கொடியும் முரசும் கிடையாது. வாயில் குண்டும் கிடையாது. அதனால் எதையாவது சமைத்து வை.

உன் வீட்டுக்காரரை அனுப்பு.

கும் சலூட்டே,
ஜெர்வாஸ்

பி.கு: துண்டை டாம்சினிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்புகிறேன். இனி அது ஒரு கட்சிக்கும் உதவாது. நாலாக மடித்து, உள்ளே வாத்து இறகு அடைத்து ஒரு திண்டாகத் தைத்துவிடு. நாற்காலிக்கு அல்ல; நாற்காலி என்னுடையது. ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வை. தைக்கும்போது நடுவில் ஒரு பள்ளம் விடு.